ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்

ஒரு வீட்டுக்கும் அதன் சாக்கடைக்கும் நடுவே காவலுக்கு இருப்பது ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்தான். குளியலறைத் தரையில் ஓட்டைத் தட்டுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நானி ட்ராப், வாஷ்பேசினுக்கு அடியில் வளைந்து போகும் குழாய், கக்கூஸ் கோப்பையின் அடியில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர், மூன்றுக்கும் ஒரே வேலை. கழிவு கீழே போகலாம், காற்று மேலே வரக்கூடாது. 1775-இல் இதற்கு லண்டனில் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங், தொழிலால் கடிகாரம் செய்கிறவர். குழாயை எஸ் எழுத்துபோல வளைத்தார், வளைவில் தண்ணீர் நின்றது. மின்சாரம் வேண்டாம், நகரும் பாகம் எதுவும் கிடையாது. இருநூற்று ஐம்பது வருடமாக அடிப்படை மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வடிவமைப்பு. நான் எழுதிய நிரல் எதுவும் ஐந்து வருடம் தாண்டியதில்லை என்பதால் எனக்குக் கம்மிங்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு வந்தது அம்மாவால். அம்மா ரெட்டிபாளையத்தில் தனியாக இருக்கிறார். அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் இருக்கிற ஊர். வாசலில் துவைத்துப் போட்ட துணியை மடிக்கும்முன் ஒருமுறை உதறுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் சித்தி போனில் சொன்னார், "உங்கம்மா எந்த விசேஷத்துக்கும் வர்றதில்லடா. வளைகாப்புக்குக் கூப்ட்டேன், முட்டி வலின்னுட்டா. முட்டி வலின்னா கோயிலுக்கு மட்டும் எப்படிப் போறா? அதுவும் கூட்டமில்லாத நேரமாப் பாத்து."

அலுவலகத்தில் சொல்லிவிட்டு மூன்று வாரம் ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கிளம்பினேன். வீட்டுக்குள் நுழைந்ததுமே தெரிந்தது, வீட்டில் வாடை அடிக்கிறது. லேசாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சாக்கடை வாடை. பத்து நிமிடத்தில் அது காணாமல் போனது. வாடை போகவில்லை, என் மூக்குதான் பழகிவிட்டது. மூக்கின் சுபாவமே அப்படி. மாறாமல் இருக்கும் ஒன்றைச் சீக்கிரமே கணக்கிலிருந்து எடுத்துவிடும். ஒரு வீட்டின் வாடையைச் சொல்லக் கடைசித் தகுதி அந்த வீட்டில் குடியிருப்பவருக்குத்தான்.

இரண்டாம் நாள் இரவு அம்மாவே பேச்சை எடுத்தார். சுற்றி வளைத்து, மருமகளிடம் கேட்கச் சொல்லி, பிறகு தயங்கித் தயங்கி. "வயசானா ஒடம்புலேர்ந்து ஒரு வாடை வருமாமே தம்பி? எங்கிட்டேர்ந்து எதாச்சும் வருதா? நெசமாச் சொல்லு." பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வந்து உட்கார்ந்தவர் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா ஒரு நாளைக்கு இரண்டு வேளை குளிக்கிறார். குளிக்கக் குளிக்க அதிகமாகிறதே தவிரக் குறையவில்லையாம். "குளிச்சிட்டு வெளிய வந்தாத்தான் இன்னும் அடிக்குது. அப்ப எங்கிட்டேர்ந்துதான வரணும்?"

தர்க்கப்படி பார்த்தால் குறை சொல்ல முடியாத வாதம். குளித்தால் கூடுகிறது என்பது அவருடைய ஆதாரம். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று நான் சொல்வது ஆறுதலாக இருக்குமே தவிர எதிர்ஆதாரமாக ஆகாது. குழாயைக் கையில் பிடித்து, இதோ இதுதான் என்று காட்டினால்தான் அம்மா வளைகாப்புக்குப் போவார்.

அழுகிய முட்டை வாடை, தண்ணீர்க் குழாய் என்று இணையத்தில் தேட ஆரம்பித்தால் போய் நிற்கிற இடம் படகுகள். மேலைநாட்டில் வசதியுள்ளவர்கள் வைத்திருக்கும் கேபின் க்ரூஸர் என்கிற படகு. முப்பது நாற்பது அடி நீளத்துக்குள் படுக்கை, அடுப்பு, சாப்பாட்டு மேசை, கக்கூஸ், அந்தக் கக்கூஸின் கழிவைக் கரைக்கு வரும்வரை சேர்த்துவைக்கும் தொட்டி எல்லாம் இருக்கும். நம் வீட்டில் செப்டிக் டேங்க் கொல்லையில் இருக்கும், அங்கே கட்டிலுக்கு அடியில் இருக்கும். அதனால் உலகத்தில் வாடையைத் துப்பறிவதில் கைதேர்ந்தவர்கள் படகுக்காரர்கள்தான். ராத்திரி ரெண்டு மணிவரை அவர்கள் குழாய்களைப் பற்றி வாசித்தேன். எனக்குப் படகு கிடையாது. ஊருக்குக் கடலும் கிடையாது. (கடல் இருந்தது. அதற்கு வருகிறேன்.)

படகுக்காரர்களிடம் கற்றதில் முதலாவது, வாசனைத் திரவம் ஊற்றாதே என்பது. ஒரு வாடைமேல் இன்னொரு வாடையைப் போட்டால் இரண்டு வாடை கிடைக்கும், துப்பும் அழிந்துவிடும். நாம் பினாயிலையும் பிளீச்சிங் பவுடரையும் வைத்துச் செய்வது இதைத்தான். 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறியபோது லண்டன் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. அதன் பிறகுதான் பாதாளச் சாக்கடைக்குப் பணம் ஒதுக்கினார்கள்.

இன்னொன்று ஈரத்துணிச் சோதனை. படகில் பத்துப் பதினைந்து ரப்பர்க் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். பழைய ரப்பர் ஒழுகாமலேயே வாடையை வெளியே விடும். எது என்று மூக்கால் பிரிக்க முடியாது. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒரு குழாயில் சுற்றி, ஆறியதும் துணியை மட்டும் வெளியே எடுத்துப்போய் முகர வேண்டும். துணி நாறினால் அந்தக் குழாய் குற்றவாளி. ஒவ்வொரு குழாய்க்கும் வேறு துணி. இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஒரு பிழையைத் தனிமைப்படுத்த இதைவிட நேர்த்தியான வழியை அலுவலகத்தில் நான் பார்த்ததில்லை.

மறுநாள் அம்மாவிடம் ஒரு வேலை கொடுத்தேன். தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் எப்போது வாடை வருகிறது, எந்த இடத்தில், என்ன மாதிரி என்று எழுதச் சொன்னேன். "என்ன மாதிரின்னா?" என்றார். வாடையில் வகை பிரிக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. முடை, கவிச்சி, வீச்சம், ஊசல், மக்கல், சிக்கு, மொச்சை என்று அடுக்க வீட்டில் சமைத்துத் துவைத்த எல்லோருக்கும் தெரியும். சங்கப் பாட்டில் பூ நாறும், கூந்தல் நாறும். நாற்றம் என்றால் அன்றைக்கு மணம். எப்போது அது இப்படிக் கீழே இறங்கியதோ. ஒரு வாரத்தில் கோடு போட்ட டப்பா ஒன்றில் பதினாறு தாள் சேர்ந்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சுத்தமான பதிவு.

அதில் இரண்டு வாடை இருந்தது. அம்மா ஒன்றுக்கு "முட்ட" என்றும் மற்றதற்கு "சாக்கட" என்றும் எழுதியிருந்தார். முட்டை, குளிக்கும்போது மட்டும். சாக்கடை, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு, ஹாலிலும் பின்கட்டிலும். ஒரே பிழை என்று நினைத்தது இரண்டு பிழை. ஒன்று மற்றதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

சாக்கடை வாடைக்குக் கொத்தனார் ஒருவரைக் கூப்பிட்டோம். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். கொல்லையில் நின்று செப்டிக் டேங்க் மூடியைக் காலால் தட்டிப் பார்த்தார். "ரொம்பியிருக்கும் தம்பி. லாரி உறிஞ்சுனா அடி வண்டல் வராது. ஒரு ஆள எறக்கி அள்ளிட்டா அஞ்சாறு வருசத்துக்குக் கவலயில்ல. நம்ம பக்கம் ஒருத்தர் இருக்காரு, ரெண்டாயிரம் குடுத்தா வருவாரு."

வேண்டாம்ணே என்றேன். அவருக்கு அது காசு பிரச்சினையாகத் தெரிந்தது. ஆயிரத்து ஐந்நூறுக்குப் பேசலாம் என்றார்.

அந்தத் தொட்டிக்குள் இருக்கும் வாயுக்களில் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை வாடை அதனுடையது. நூறு கோடியில் சில பங்கு காற்றில் கலந்திருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவைத் தொட்டால் மோப்ப நரம்பு மரத்துப்போகும், வாடை நின்றுவிடும். இறங்கியவர் வாடை போய்விட்டது என்று நினைக்கிற நேரம் அது. அதற்குமேல் அளவு கூடினால் சில மூச்சில் ஆள் விழுவார். தூக்கப் போகிற இரண்டாவது ஆளும் விழுவார். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தொட்டியின் அடியிலேயே கிடக்கும். தமிழ்நாட்டில் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் இந்தச் செய்தி புதிதில்லை, எண்ணிக்கை மட்டும்தான் மாறும். ஆளை இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது, 2023-இல் அதை முப்பது லட்சமாக்கியது. "ஒருத்தர் இருக்காரு" என்று கொத்தனார் சொன்னாரே, அந்த ஒருத்தர் எந்தத் தெருவிலிருந்து வருவார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரில் எல்லா வேலைக்கும் யார் வேண்டுமானாலும் வருவார்கள், இதற்கு மட்டும் ஒரு தெருவிலிருந்துதான் வருவார்கள். எங்கள் வீட்டு வாடையை அவர் நெஞ்சுக்குள் அனுப்பி நாங்கள் கதவைத் திறந்துவைத்துக்கொள்வது என்பது பேசி முடிவெடுக்கிற விஷயமே கிடையாது.

அதோடு, தொட்டி நிரம்பியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. தண்ணீர் தயங்காமல் போனது. நிரம்பியிருந்தால் ஏன் சாயங்காலம் மட்டும் நாற வேண்டும்?

சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை வீட்டில் நடப்பது சமையல். சமையல் என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன். அம்மா கொசுவுக்காக ஆறு மணிக்கு ஜன்னலை எல்லாம் சாத்திவிடுவார். ஃபேன் வீட்டுக் காற்றை வெளியே தள்ளும், அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். 2003-இல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் பரவியதை ஆராய்ந்தபோது முதலில் சந்தேகப்பட்ட வழி இதுதான். குளியலறைத் தரைக் குழாய்களில் தண்ணீர் காய்ந்துபோயிருந்தது, எக்ஸாஸ்ட் ஃபேன்கள் கழிவுக் குழாய்க் காற்றை வீட்டுக்குள் இழுத்தன. அப்புறம்தான் தரைக் குழாயில் வாரம் ஒருமுறை அரை லிட்டர் தண்ணீர் ஊற்றச் சொல்லி அரசே பிரச்சாரம் செய்தது.

அப்படியென்றால் எங்கள் வீட்டில் எங்கோ காவல் இல்லை. எங்கே என்று கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது, பெப்பர்மின்ட் சோதனை. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுகாதார ஆய்வாளர்கள் செய்தது. மாடியில் காற்றுக் குழாயின் வாயில் பெப்பர்மின்ட் எண்ணெயையும் வெந்நீரையும் ஊற்றிவிட்டு வாயை அடைத்துவிடுவார்கள். கீழே இன்னொருவர் அறை அறையாக முகர்ந்துகொண்டு போவார். ஊற்றியவர் வீட்டுக்குள் வரவே கூடாது, அவர் கையோடு வாசனையும் வந்துவிடும்.

பெப்பர்மின்ட்டுக்கு ரெட்டிபாளையத்தில் எங்கே போவது? நீலகிரித் தைலம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் தைல மரக்காட்டுக்கும் குறைச்சல் இல்லை. ஒரு பாட்டில் தைலமும் ஒரு வாளி வெந்நீருமாக மாடி ஏறினேன். பின்சுவரை ஒட்டி மேலே வரும் நாலு இஞ்ச் பிவிசி குழாயின் தலையில் வலைபோட்ட தொப்பி இருக்க வேண்டும். அங்கே எண்ட் கேப் போட்டு, பசை தடவி இறுக்க அடைத்திருந்தது. அப்பா போன பிறகு மொட்டைமாடி ஒழுகுகிறது என்று ஓடு பதித்தார்கள். அந்த வேலைக்கு வந்த யாரோ மழைத்தண்ணி இறங்கக்கூடாது என்று அக்கறையாக அடைத்திருக்கிறார்கள். தொட்டியின் மூக்கைப் பொத்தியாயிற்று. படகுக்காரர்கள் அத்தனை பேரும் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர்கள் தொட்டிக்குக் காற்று போகும் குழாயை எவ்வளவு பெரிதாக்கலாம் என்றுதான் யோசிப்பார்கள். காற்று கிடைத்தால் ஒருவகைக் கிருமி வேலை செய்து கழிவை அவ்வளவாக நாறாமல் சிதைக்கும். காற்றை அடைத்தால் இன்னொரு வகை வேலைக்கு வரும், ஹைட்ரஜன் சல்பைடு அதன் கைவேலை.

ஹாக்ஸா பிளேடால் கேப்பை அறுத்து, தைலத்தையும் வெந்நீரையும் ஊற்றி, பழைய துணியை நனைத்து வாயை அடைத்தேன். "அம்மா, நடங்க" என்று கத்தினேன்.

"சமயக்கட்டுல ஒண்ணுமில்ல."

"சரி."

"ஹால்ல இல்ல. பூசை ரூம்புல கற்பூரந்தான் அடிக்குது."

பிறகு ரொம்ப நேரம் சத்தம் இல்லை. அம்மா, என்றேன். பதில் இல்லை. கீழே இறங்கவும் கூடாது, என் கை முழுக்கத் தைலம். மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. ஒரு கதவு திறந்தது.

"தம்பி, இங்கதான்டா. அப்பா பாத்ரூம்ல."

அப்பாவுக்கு முட்டி மடக்க முடியாமல் போனபோது பின்கட்டில் அவசரமாகக் கட்டிய குளியலறை அது. வெஸ்டர்ன் டாய்லெட், பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி, வழுக்காத தரை. கடைசி எட்டு மாதம் அப்பாவின் உலகம் அந்த அறையும் கட்டிலும்தான். காரியம் முடிந்த மறுநாள் அம்மா அதைப் பூட்டி, சாவியைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார். யாரும் போவதில்லை. கோப்பையில் தண்ணீர் இறங்கி அடியில் ஒரு மஞ்சள் வளையம் மிச்சமிருந்தது. தரையில் நானி ட்ராப் எலும்பாகக் காய்ந்து கிடந்தது, உள்ளே சிலந்தி வலை. குளிக்கிற தண்ணீரும் கக்கூஸும் தனித்தனியாகப் போக வேண்டியவை. அவசரத்தில் கட்டியதால் இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்திருந்தார்கள். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் அரியலூர் வெயிலில் எத்தனை வாரம் தாங்கும்? மேலே வழியை அடைத்துவிட்டார்கள். தொட்டியின் காற்றுக்குத் திறந்திருந்த ஒரே வாசல் அப்பாவின் குளியலறைத் தரை. கதவுக்குக் கீழே அரை இஞ்ச் சந்து. மிச்ச வேலையை எக்ஸாஸ்ட் ஃபேன் பார்த்துக்கொண்டது.

கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கீழே வந்தபோது அம்மா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அழுத மாதிரி இருந்தது. தைலமாகவும் இருக்கலாம், நான் கேட்கவில்லை. ஒரு வாளி தண்ணீரை அவரே கொண்டுவந்து ட்ராப்பில் ஊற்றினார். களக் என்று ஒரு சத்தம்.

முட்டை வாடைக்கு விடை அதே குளியலறையில் இல்லை, முன்பக்கக் குளியலறை ஹீட்டரில் இருந்தது. இங்கேதான் கடல் வருகிறது. படகுக் கக்கூஸைக் கடல்நீரால் கழுவினால் கட்டாயம் நாறும் என்கிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் கிட்டத்தட்ட 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. குழாயில் தேங்கிய தண்ணீரில் காற்று தீர்ந்ததும் சில கிருமிகள் அந்தச் சல்பேட்டைத்தான் மூச்சாக எடுத்துக்கொள்கின்றன, ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகின்றன. எங்கள் ஊர்ப்பக்கம் ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்னால் கடல். சிமென்ட்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி அப்படியே கிடக்கும், வாரணவாசியில் அதற்கென்றே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். காரைப் பக்கம் களிமண்ணில் ஜிப்சம் பாளம் பாளமாக இருக்கும். ஜிப்சம் என்றால் கால்சியம் சல்பேட். எங்கள் போர்த் தண்ணீரைக் குடத்தில் வைத்தாலே வெள்ளை படியும். ஹீட்டர்த் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியம் கம்பி வைத்திருப்பார்கள். சல்பேட் உள்ள தண்ணீரில் அந்தக் கம்பி இந்தக் கிருமிகளுக்கு நல்ல துணை. அம்மா கரண்ட் பில்லுக்குப் பயந்து வெதுவெதுப்பிலேயே நிறுத்துவார், அவை சாகாது.

இதற்கு ஈரத்துணிச் சோதனைகூடத் தேவைப்படவில்லை. இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் ஹீட்டர்த் தண்ணீர் பிடித்து முற்றத்துக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு முதல் டம்ளரை முகர்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதை முகர்ந்தவர் முகத்தைச் சுளித்துத் தள்ளிவைத்தார். கண்ணைத் திறந்து அந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதத்தான் ரெண்டு வேளையும் தலைல ஊத்திக்கிட்டிருந்தனா?"

பிளம்பர் அண்ணனை வைத்துத் தொட்டியைக் கழுவி, மெக்னீசியம் கம்பிக்குப் பதில் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கம்பி போட்டோம். முழுச் சூட்டில் கொதிக்கவிட்டு மூன்று முறை திறந்துவிட்டோம். காற்றுக் குழாய்க்கு வலைத்தொப்பி நூற்றுச் சொச்சம் ரூபாய். கொத்தனாருக்கு வந்துபோன கூலி கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றார், பிறகு வாங்கிக்கொண்டார்.

பின்குளியலறையை அம்மா இப்போது பூட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது ட்ராப்பில் ஒரு சொம்பு தண்ணீரும், அது சீக்கிரம் ஆவியாகாமல் இருக்க மேலே ஒரு கரண்டி தேங்காயெண்ணெயும் ஊற்றுகிறார். எண்ணெய் யோசனை படகுக்காரர்களுடையது, தேங்காய் அம்மாவுடையது. மார்கழியில் அது உறைந்துவிடும் என்றேன், அப்ப நல்லெண்ணெ ஊத்திக்கிறேன் என்றார். சித்தி வீட்டு வளைகாப்பு முடிந்துவிட்டிருந்தது, ஆனால் குழந்தைக்குப் பேர் வைக்கப் போனார். பஸ்ஸில், நடு சீட்டில், இரண்டு பக்கமும் ஆளோடு.

நான் கிளம்புகிற அன்று அந்தப் படகுகளின் படத்தைப் போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அடுப்பு எங்கே, கட்டில் எங்கே, தொட்டி எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"தொட்டிமேலேயேவா படுத்துக்கறாங்க?"

"ஆமாம்மா."

"இவ்ளோ காசு போட்டு வாங்கி?"